மேடையில் கொடுத்த வேலை

கல்யாணத்துக்குப் போனால் சாப்பிட்டுக் கை கழுவியதும் கிளம்பிவிடுவேன். மேடை ஏறி மாப்பிள்ளை பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வதில்லை. சொந்தக்காரர்களுக்கு இதில் வருத்தம். அவளுக்கு ரொம்பத்தான் திமிர் என்று என் காதுபடவே பேசுவார்கள். பேசட்டும். மேடையில் ஏறி, ஒரு பெரிய மனிதர் நீட்டியதை வாங்கிக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரிப்பதை நான் ஒரே ஒரு தடவை செய்திருக்கிறேன். ஏழேழு ஜென்மத்துக்கும் அது போதும்.

நான் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவள். எங்கள் ஊர் பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில், ஒரு வாய்க்கால் கரையில் இருக்கிறது. அப்பாவுக்குச் சொந்தமாக நிலம் கிடையாது. கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்தார். பள்ளிக்கூடம் முடித்ததும் நர்சிங் போ, டீச்சர் டிரெயினிங் போ என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். நான் மோட்டார் பக்கம் போனதற்குக் காரணம் ரொம்பச் சாதாரணமானது. ஆற்றில் தண்ணீர் சரியாக வராத வருஷங்களில் எங்களுக்கு போர் மோட்டார்தான் கதி. அது எரிந்துவிட்டால், மெக்கானிக் வந்து சேருகிறவரை நாற்றங்கால் காய்ந்துகொண்டிருக்கும். அவர் வந்து இறங்கினதும் ஊரே சுற்றி நிற்கும். டீ வாங்கி வர ஓர் ஆள் ஓடுவார், குடை பிடிக்க ஓர் ஆள். அந்த மரியாதை எனக்கு வேண்டும் என்று தோன்றியது. லட்சியம் என்றெல்லாம் பெரிதாகச் சொல்லமாட்டேன். காலம் பூராவும் சேற்றில் குனிந்து கிடக்காமல் இருக்க ஒரு வழி, அவ்வளவுதான்.

படிப்பு முடிகிற சமயத்தில் தஞ்சாவூரில் ஒரு கல்லூரி மைதானத்தில் வேலைவாய்ப்பு முகாம் என்று அறிவித்தார்கள். டெல்டா மாவட்டங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே முகாம். எங்கள் ஐ.டி.ஐ.யில் பிளேஸ்மென்ட் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த சார், எல்லோரும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். அப்பா கொல்லையில் நின்று என் செருப்பைக் கழுவி வெயிலில் வைத்தார். அவர் அப்படிச் செய்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மைதானத்துக்குள் நுழைந்ததும் திருவிழாவுக்கு வந்துவிட்டோமோ என்று இருந்தது. ஷாமியானா, வாழை மரம், மைக், ஓரமாகக் கரும்புச்சாறு வண்டி. மயிலாடுதுறையிலிருந்தும் அதிராம்பட்டினத்திலிருந்தும் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். வரிசையாக மேஜை போட்டு கம்பெனிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கத்துக் கம்பெனிகள். என்ன படித்தோம் என்று கேட்டவர்கள் குறைவு. ஹாஸ்டலில் தங்குவீர்களா, நைட் ஷிப்ட் வருவீர்களா, அறுவடைக்கும் திருவிழாவுக்கும் லீவு கேட்டு ஓடிவிடமாட்டீர்களே என்று மேஜைக்கு மேஜை இதையேதான் கேட்டார்கள். ஒரு மேஜையில் என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்ஷூரன்ஸ் பாலிசி பிடித்துக் கொடுக்க முடியுமா என்றார்கள். மாடு வாங்கப் போனவனிடம் மணியை விற்கப் பார்த்த கதைதான்.

கடைசி வரிசையில், கூட்டமே இல்லாத ஒரு மேஜையில், ஒரு பம்ப் மோட்டாரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். கோயம்புத்தூர் கம்பெனி. அவர் பேச்சிலேயே அது தெரிந்தது. அன்றைக்கு மோட்டாரைக் காட்டிக் கேள்வி கேட்டவர் அவர் ஒருத்தர்தான். வோல்டேஜ் குறைந்தால் என்ன ஆகும், மோட்டாருக்குள் காயில் எரிந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று நிதானமாகக் கேட்டார். நானும் சொன்னேன். ஒன்று தெரியவில்லை, தெரியாது என்றேன். அதற்கும் அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

“கும்பகோணத்துல எங்களுக்கு சர்வீஸ் சென்டர் இருக்குதுங்க. அதுக்கு ஒரே ஒரு ஆளுதான் வேணும். ஊரு ஊராப் போகோணும், வயலுக்குள்ள எறங்கோணும். போவீங்களா அம்மணி?”

“வயல்லயேதான் சார் இருக்கோம். எனக்கு அது புதுசு இல்ல.”

அவர் சிரித்துவிட்டார். “மத்தியானத்துக்கு மேல ஒருக்கா வாங்க. கையில வேலை செஞ்சு காட்டுங்க. பாத்துட்டு இன்னைக்கே முடிவு சொல்லிப்போடறேன்.”

கும்பகோணம் எங்கள் ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வருகிற தூரம். ஹாஸ்டல் கிடையாது, யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. கையில் ஸ்பேனரோடு எங்கள் ஊர் வரப்பிலேயே நான் நடந்துபோவது போல எனக்குத் தோன்றிவிட்டது. மரத்தடியில் உட்கார்ந்து அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதத்தைப் பிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தச் சாப்பாட்டையும் சாப்பிட்டதில்லை. பாதி சாப்பிடும்போது பிளேஸ்மென்ட் சார் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார்.

முகாமில் மேடை என்று ஒன்று உண்டு. முக்கிய விருந்தினர் வருவார், சிலருக்குப் பணி நியமன ஆணையைத் தன் கையால் வழங்குவார். அந்தச் சிலர் அன்றைக்குத் தேர்வானவர்கள் இல்லை. முன்கூட்டியே கம்பெனிகளிடம் பேசி, ஆளை முடிவு பண்ணி, நல்ல உடுப்பில் வரச்சொல்லியிருப்பார்கள். விருந்தினரைக் காக்க வைத்து இன்டர்வியூ நடத்த முடியுமா? அந்த வருஷம் மேடைக்கு ஒரே ஒரு பெண்ணைத்தான் வைத்திருந்தார்கள், மயிலாடுதுறைப் பக்கத்துப் பெண். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஒன்றின் ஆணை அவளுக்கு. அவள் வரவில்லை. கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாம், வீட்டில் அனுப்பவில்லையாம்.

“ஏம்மா, நீ வந்து நில்லும்மா. அஞ்சே நிமிஷம்,” என்றார் சார்.

“சார், அது வேற பொண்ணோட ஆர்டராச்சே?”

“போட்டோவுல பேரா தெரியப்போவுது? மேடையில ஒரு பொண்ணாவது இருக்கணும்னு சொல்லிட்டாங்க. இல்லேன்னா என் தலையத்தான் உருட்டுவாங்க. கார் ரவுண்டானா தாண்டிடுச்சாம்.”

“எனக்குப் பம்ப் கம்பெனியில ரெண்டாவது ரவுண்டு இருக்கு சார்.”

“அவங்க எங்கம்மா போயிடப்போறாங்க? இறங்கின உடனே நீ ஓடிடு. நானே வந்து சொல்றேன்.”

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். எலக்ட்ரீஷியன் பிரிவில் பெண் எதற்கு என்று மற்றவர்கள் கேட்டபோது, என் பக்கம் நின்று பேசிச் சேர்த்துவிட்டவர் அவர்தான். நல்லவர்களிடம் முடியாது என்று சொல்ல நம் வீடுகளில் யாரும் கற்றுத்தருவதில்லை. மீதிப் புளிசாதத்தை மூடி வைத்துவிட்டுப் போனேன்.

அந்த அஞ்சு நிமிஷம் இருக்கிறதே, அது தஞ்சாவூர் வெயிலைவிட நீளம். விருந்தினர் வந்தார். வரவேற்றார்கள். சால்வை போட்டார்கள். வரவேற்றவரை இன்னொருவர் பாராட்டினார். இளைஞர்கள் வேலை தேடுபவர்களாக இல்லாமல் வேலை கொடுப்பவர்களாக மாற வேண்டும் என்று விருந்தினர் பேசினார். மேடை ஓரத்து நாற்காலியில் நான் நெளிந்துகொண்டிருந்தேன். எழுந்து போகவும் முடியாது. போட்டோக்காரர்கள் எல்லோரும் எதிரே நிற்கிறார்கள்.

கடைசியில் மைக்கில் கூப்பிட்டார்கள். அந்த மயிலாடுதுறைப் பெண்ணின் பெயரைத்தான் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். யாரோ புத்திசாலி மாற்றிக் கொடுத்திருக்கிறார். என் பெயர், என் பிரிவு, என் ஊர், எல்லாம் ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது. எழுந்து போய் ஆணை வைத்த ஃபைலை வாங்கினேன். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன். எதிரே, கடைசி வரிசை மேஜைக்கு முன்னால், கோயம்புத்தூர்காரர் எழுந்து நின்று எனக்காகக் கை தட்டிக்கொண்டிருந்தார்.

மற்றவர்களுக்கும் கொடுத்து, குரூப் போட்டோ, நன்றியுரை என்று இன்னும் அரைமணி நேரம் கழித்துத்தான் இறங்க விட்டார்கள். படியில் இறங்கியதும் கீழே நின்றவர் கையை நீட்டி ஃபைலை வாங்கிக்கொண்டார். அது ஆபீசுக்கு வேண்டுமாம். பதிலுக்கு ஒரு லெமன் சாதப் பொட்டலத்தைக் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டே கடைசி வரிசைக்கு ஓடினேன்.

“வாங்க அம்மணி. ரொம்பச் சந்தோசமுங்க. பெரிய கம்பெனி, நல்ல எடம்,” என்றார் அவர். மோட்டாரை மூடி மரப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

“சார், அது என் ஆர்டர் இல்ல சார். வேற பொண்ணு வரல. போட்டோவுக்காக நிக்கச் சொன்னாங்க.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பொய் சொல்கிறேன் என்று நினைக்கவில்லை. நம்பினார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அவர் சங்கடப்பட்டதைப் பார்த்ததுமே முடிந்துபோயிற்று என்று தெரிந்துவிட்டது.

“மைக்குல உங்க பேரத்தானுங்களே சொன்னாங்க. உங்களுக்குத்தான் கெடச்சிருச்சேன்னு நான் அடுத்த ஆளைப் பாத்து முடிச்சுப்போட்டனுங்க. ஒருத்தருக்கே ரெண்டு எதுக்குன்னு…” என்று இழுத்தவர், “அந்தப் பையனும் இப்பத்தான் வீட்டுக்கு போன் பண்ணிச் சொல்லீட்டிருந்தானுங்க,” என்றார்.

அந்தப் பையனிடமிருந்து பிடுங்கி எனக்குக் கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? பிளேஸ்மென்ட் சாரைத் தேடிப் போனேன். விருந்தினரின் காருக்குப் பின்னால் கையைக் கூப்பியபடி நின்றார். கார் போன பிறகு திரும்பி, என் முகத்தைப் பார்த்து, விஷயத்தைக் கேட்டு, “அடடா” என்றார். பிறகு, “அடுத்த முகாம்ல பாத்துக்கலாம்மா” என்றார். அவ்வளவுதான் அவருக்கு. எனக்கு அங்கேயே அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. செய்யவில்லை. பஸ் ஏறும்போதுதான் கையில் லெமன் சாதப் பொட்டலம் இருப்பதே தெரிந்தது. அய்யம்பேட்டை தாண்டும்போது ஜன்னல் வழியாக வீசி எறிந்தேன்.

வீட்டில் நடந்தது நடந்தபடி சொன்னேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “அரசன நம்பிப் புருஷனக் கைவிட்ட கதையாப் போச்சே” என்றாள். அப்பா மட்டும் பதற்றமே இல்லாமல் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவர் வேறு கணக்கில் இருந்தார்.

“உன் பேரச் சொல்லித்தான கூப்புட்டாங்க?”

“ஆமாம்ப்பா. ஆனா ஆர்டர்ல வேற பேரு.”

“எழுத்துல என்ன இருந்தா என்ன? ஊரறிய உன் பேரச் சொல்லி, அவ்ளோ பெரிய ஆளு அவரு கையால குடுத்திருக்காரு. கோயில்ல ஒருத்தன் பேரச் சொல்லிப் பரிவட்டம் கட்டிட்டா, அது அவனுக்குத்தான். அப்பறம் வந்து அவுத்துட முடியுமா? மேடையில குடுத்தது குடுத்ததுதான். அவங்களே கூப்புடுவாங்க, நீ பேசாம இரு.”

கோயில் நிலத்தில் சாகுபடி செய்கிறவருக்கு உலகத்தில் தெரிந்த பெரிய சபை கோயில்தான். அங்கே நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லுக்கு மதிப்பு உண்டு, அதற்காகத் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொள்வார்கள். அந்த நியாயத்தை அவர் அப்படியே எடுத்துவந்து தஞ்சாவூர் மைதானத்தில் பொருத்திவிட்டார். எவ்வளவு சொல்லியும் அவர் மனசுக்குள் ஏறவில்லை. மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தபோது கேட்கவே வேண்டாம். டீக்கடையில் அந்தப் பக்கத்தை யாரும் கசக்காமல் பார்த்துக்கொண்டார்.

பிறகு தெருப் பையன்கள் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில், பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் கண்ணில் படாமல் தப்ப முடியாத இடத்தில். ‘எங்கள் தெருவின் முதல் பெண் இன்ஜினியரே’ என்று போட்டு, நடுவில் என் படம், சுற்றிலும் கூலிங் கிளாஸ் போட்ட தலைகள். வேலை கிடைக்கவில்லை என்று நான் போய்ச் சொன்னேன். அவர்கள், “ஜாயினிங் தேதி வரலையா அக்கா? வரும்க்கா” என்றார்கள். ஃபிளெக்ஸ் அடித்தாகிவிட்டது, இனி நான் சொல்லி என்ன?

அந்தப் பருவம் நடவுக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. வழக்கமாக எங்கள் தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு போகிற அக்கா, வாசலைத் தாண்டும்போது, “ஆபீசரம்மா எதுக்குச் சேத்துல எறங்கணும்?” என்று சிரித்தபடி போனாள். கேலிதான், குரோதம் இல்லை. எந்தச் சேற்றிலிருந்து தப்பிக்கப் படித்தேனோ அந்தச் சேறும் என்னை வேண்டாம் என்றது. நான் வீட்டில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கும்பகோணத்திலிருந்து அந்தப் பம்ப் கம்பெனி வண்டி எங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் உள்ளே போய்விடுவேன்.

நாற்று பச்சை பிடித்து வளர்ந்துவிட்டது. கூப்பிடுவார்கள் என்று சொன்ன அப்பாவுக்கே பொறுக்கவில்லை. ஒரு காலையில் வெள்ளை வேட்டி கட்டி, பேப்பரிலிருந்து வெட்டிய போட்டோவைச் சட்டைப்பையில் வைத்து, கொல்லையில் பழுத்த பூவன் பழச் சீப்பு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு தஞ்சாவூருக்குக் கிளம்பினார். பெரிய இடத்துக்கு வெறுங்கையோடு போகக்கூடாதாம். நான் போகாதே என்று கத்தினேன். என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எங்கெங்கே போனார், யாரைப் பார்த்தார் என்று முழுசாகச் சொல்லவில்லை. ஒரு ஆபீசில் யாரோ உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, தன்மையாகவே பேசியிருக்கிறார்கள். “அது ஒரு நிகழ்ச்சிங்க ஐயா” என்றார்களாம். பழத்தை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. அப்படியே திரும்பக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

“அப்ப அவரு சும்மாத்தான் குடுத்தாரா?”

“அவருக்கும் தெரியாதுப்பா.”

“தெரியாமயா அவ்ளோ பேரு முன்னாடி ஒரு மனுசன் அடுத்தவங்க கையில ஒரு பொருளக் குடுப்பான்?”

வேலை போனதுகூட இப்படி வலிக்கவில்லை. நம்பிக்கொண்டிருந்த ஒரு மனுஷனை அந்த வயதில் இப்படிக் கேட்க வைத்துவிட்டார்களே என்று வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிக் காத்திருந்தபோது மழை வந்தது. அப்பா மதகுக்குப் போய் ஃபிளெக்ஸை அறுத்து வந்து குவியலை மூடினார். என் படம் நெல்லைப் பார்த்தபடி கவிழ்ந்து கிடந்தது.

அடுத்த வருஷ முகாமுக்கு நான் போனேன். வெட்கம் பார்த்தால் ஆகுமா? வேறு வழியும் தெரியவில்லை. அதே மைதானம், அதே கரும்புச்சாறு. நுழைவாசலில் வளைவு கட்டியிருந்தார்கள். வளைவின் இடது பக்கம் ஆள் உயரத்துக்கு நான் நின்றேன். விருந்தினர் பாதி வெட்டுப்பட்டிருந்தார், நான் முழுசாக இருந்தேன். கையில் அந்த ஃபைல், முகத்தில் அந்தச் சிரிப்பு. கீழே, ‘இன்று இவர், நாளை நீங்கள்’ என்று எழுதியிருந்தது.

பதிவு செய்யும் மேஜையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் என் எண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். “உங்களுக்குப் போன வருஷமே வேலை கிடைச்சதுன்னு காட்டுதே மேடம்? இது வேலை இல்லாதவங்களுக்கு. மாத்தணும்னா நீங்க படிச்ச எடத்துலேர்ந்து லெட்டர் வாங்கிட்டு வாங்க,” என்றாள். பிளேஸ்மென்ட் சார் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். வரிசையை விட்டு வெளியே வந்து நின்றேன்.

இப்போது கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். கடையில் ஃபேன் நின்றுவிட்டால் வெளியிலிருந்து ஆள் வருகிறார், நான் என் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறேன். எல்லாமே பழகிவிட்டது. ஆனால் அன்றைக்கு அந்த வளைவுக்குக் கீழே நடந்தது மட்டும் பழகவில்லை.

வரிசையில் நின்றிருந்த ஐ.டி.ஐ. பெண் ஒருத்தி வளைவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தோழியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். இஸ்திரி கலையாத சட்டை. கண்ணெல்லாம் சிரிப்பு.

“அக்கா, நீங்கதான அது? நானும் எலக்ட்ரீஷியன்தான்க்கா. உங்க போட்டோவக் காட்டித்தான் எங்க வீட்டுல சேர விட்டாங்க. எந்தக் கம்பெனிக்கா? எப்படிப் பேசுனா எடுப்பாங்க?”

நான் மறைக்கவில்லை. “எனக்கு வேலை கிடைக்கலம்மா. வேற ஒரு பொண்ணுக்குப் பதிலா நின்னேன். யாராவது மேடைக்குக் கூப்புட்டா போவாத. உன் இன்டர்வியூவ விட்டுட்டு எங்கயும் நகராத,” என்றேன்.

அவள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. வளைவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என்னை விட்டுத் தள்ளிப் போய், எனக்குக் கேட்கட்டும் என்றே தோழியிடம் சொன்னாள்.

“வாடி போவலாம். கெடச்சவங்க எல்லாரும் இப்புடித்தான். நமக்குச் சொல்ல மாட்டாங்க.”